ஆடு ஏரியில் இறங்காது

வடக்குக் குப்பம், பழவேற்காடு
7 ஜூலை 2024

அன்புள்ள கலை அக்காவுக்கு,

உன் ஒரே தங்கை, ஊரின் ஒரே தலைவலி அர்ச்சனா எழுதுவது. இங்கு நைனா, அம்மா, நான் மூவரும் சுகம். கோயம்புத்தூர்க் குளிரில் உனக்கு மூக்கு ஒழுகுகிறதா? ஒழுகினால் அதையும் ஒரு தட்டில் தடவி என்ன முளைக்கிறது என்று பார்த்திருப்பாய்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். நம் ஊர்த் தலைவர் தருமலிங்கம் குரலில் பேசி, "நாளைக்கு யாரும் ஏரிக்குப் போவக் கூடாது, கோயிலாண்ட பிரியாணி"னு ஊர் வாட்ஸப் குழுவில் போட்டேன். பாதி ஊர் பாத்திரத்தோடு வந்து நின்றது. பஞ்சாயத்து கூடி, பொங்கல் வரை என் கையில் போன் இருக்கக் கூடாது என்று தீர்ப்பு. தலைவர் என்ன சொன்னார் தெரியுமா? "எங் கொரல்ல நானே இவ்ளோ நல்லா பேசுனது இல்ல, அதான் கடுப்பாவுது." அம்மாவின் பட்டன் போன் இருக்கிறது. ஆனால் அது ஸ்பீக்கரில்தான் பேசும், நம் ரகசியம் ஆரணியாற்று முகத்துவாரம் வரை கேட்கும்.

நீ ஆராய்ச்சிக்குக் கேட்ட அடம்புக் கொடி இந்தப் பெட்டியில். நீ சொன்னபடி கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்து, மணல்மேட்டில் வெட்டி, பேப்பரில் சுற்றி, ஐஸ் படாமல் வைத்திருக்கிறேன். வேலு அண்ணனின் நண்டு வண்டி உக்கடம் மீன் மார்க்கெட்டுக்கு வரும்போது வாங்கிக்கொள். பெட்டியின் அடியில் உனக்கு ஒரு பரிசும் இருக்கிறது. கையை விட்டுத் தேடு.

நைனாவுக்குப் போன வாரம் வலை இழுக்கும்போது கெளுத்தி மீன் முள் பாதத்தில் ஏறிவிட்டது. சின்னதுதான். பொன்னேரி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், கட்டு மாற்றப் போய் வருகிறார். "அதுக்கு இன்னாத்துக்கு எழுதுற, படிக்கிற புள்ள"னு திட்டினார். பேனா முந்திக்கொண்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அச்சு

•

கோயம்புத்தூர்
16 ஜூலை 2024

அன்புத் தங்கை அச்சுவுக்கு,

நான் நலம். அம்மா, நைனாவை விசாரித்ததாகச் சொல். உன்னை விசாரிக்க மாட்டேன், நீ நலமாக இருப்பதால் இங்கே ஒருவர் நலமில்லை. பெட்டியில் கை விட்டது நான் இல்லையடி, எங்கள் பேராசிரியர். கொடுக்கு கட்டாத சேற்று நண்டை எவளாவது அனுப்புவாளா? விரலில் பிளாஸ்திரியோடு பாடம் நடத்தினார். "உங்க தங்கச்சி இங்க படிக்க வந்தா நான் ரிட்டயர் ஆயிடுறேன்" என்கிறார்.

சொறி மீன் பட்டு அரிக்கும் இடத்தில் நம்மூரில் அடம்பு இலையை வாட்டிக் கட்டுவார்களே, அந்த இலையில் நான் தேடுவது இலையை இல்லை. இலைக்குள்ளே பாக்டீரியா குடியிருக்கிறது. செடிக்கு நோய் தராது. சில குடித்தனக்காரர்கள் வெளிக்கிருமியை விரட்டும் மருந்தையே தயாரிக்கும். அதனால் இலையை முதலில் ஸ்பிரிட்டிலும் பிளீச்சிங் தண்ணீரிலும் கழுவி, வெளியே ஒட்டியிருக்கும் அத்தனையையும் கொல்வோம். பிறகுதான் நறுக்கித் தட்டில் வைப்போம். அப்போது வளர்வது உள்ளே இருந்தவர் மட்டும்.

நைனாவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்பதை மறக்காதே. காலில் ஈரம் படக் கூடாது. கட்டு மாற்றப் போவதை நிறுத்தக் கூடாது.

கலை

•

வடக்குக் குப்பம்
30 ஜூலை 2024

குடித்தனக்காரர்களின் வீட்டு ஓனர் கலை அக்காவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். நீயும் பேராசிரியர் விரலும் சுகமா?

உன் கடிதத்தைச் சாப்பாட்டு வேளையில் படித்தேன். பாக்டீரியா என்றதும் நைனா, "பாக்கும் டீயும் வுட்டாத்தான் சக்கரை எறங்கும்னு டாக்டர் சொல்றாரு, இது பாக்கையும் டீயையும் பேர்லயே வச்சிருக்குது, நம்ம ஜாதிடா"ன்னார். அம்மா சிரிக்கவில்லை. அம்மாவுக்கு வேறு யோசனை.

பாட்டு முறை, ஏரியில் வீடு வீடாக வலை போடும் அந்த முறை, சுற்றி நம்மிடம் வருகிறது, அக்கா. இறால் வரும் காலத்தில், நல்ல இடத்தில், நம் வலை. இதை விட்டால் ஊர் முழுக்கச் சுற்றி வர எத்தனை மாதமோ. உனக்குத் தெரியாததா, முறை அன்று ஆள் இறங்காவிட்டால் அடுத்த வீடு இறங்கிவிடும். நைனா இப்போதே வலையைப் பழுது பார்க்கிறார், உட்கார்ந்தபடி.

கால் பரவாயில்லை. பொன்னேரிக்குப் போக பஸ்ஸில் பாதி நாள் போய்விடுகிறது என்று சலித்துக்கொள்கிறார். போகிறார்.

இந்தப் பெட்டியில் பரிசு இல்லை. சத்தியமாக. பயந்துகொண்டே திற, அதுதான் பரிசு.

அச்சு

•

கோயம்புத்தூர்
18 ஆகஸ்ட் 2024

என் தங்க அச்சு,

நலமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லையடி. வளையம் வந்துவிட்டது!

தட்டு முழுக்கச் சீழ் உண்டாக்கும் கிருமியை வளர்த்து, நடுவில் நம் அடம்புக் குடித்தனக்காரரை ஒரு பொட்டு வைத்தேன். காலையில் பார்த்தால் பொட்டைச் சுற்றிக் கண்ணாடிபோல் தெளிந்த வளையம். அந்த இடத்தில் கிருமி ஒன்றுகூட இல்லை. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நம்மூர் மணல்மேட்டில் ஆடு மேயாத, ஆள் மதிக்காத கொடிக்குள் இருப்பது சீழ்க்கிருமியைக் கொல்கிறது! நைனாவிடம் சொல். நான் பிறந்த ஊரின் மருந்து என்று சொல்.

இன்னும் நிறைய வேலை இருக்கிறது, இது தொடக்கம்தான். ஆனால் இன்று அதைப் பேச மாட்டேன். இன்று நான் கேசரி சாப்பிட்டேன்.

நைனா கால் ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன். போனில் கேட்டால், "எனக்கின்னாமா, சோக்கா கீறேன்" என்கிறார்.

உன்
கலை

•

வடக்குக் குப்பம்
1 செப்டம்பர் 2024

ஊர் மெச்சும் கலை அக்காவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். உன் கடிதத்துக்குக் கால் முளைத்துவிட்டது. நைனா என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். பிறகு சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு ஏலக்கூடம், டீக்கடை, படகுத்துறை என்று நொண்டி நொண்டி ஊர்வலம். "எம் பொண்ணு நம்ம அடம்புல மருந்து கண்டுபுடிச்சிருக்குது, லெட்டர் பாக்குறியா?" கேட்காதவர்களுக்கும் காட்டுகிறார். நொண்டி என்று எழுதியது அடித்தல் திருத்தலில் சேர்த்துக்கொள்.

வேறு சேதி. பக்கத்து வீட்டு கோபால் மாமாவின் ஆடு இருக்கிறதே, பேர் தொரை. அதற்குக் காலில் முள் ஏறிவிட்டது. புண் ஆறவில்லை, கால் வீங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு இழுத்தால் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது. அடம்பு தின்னாத ஆடு, அடம் மட்டும் நிறையத் தின்றிருக்கிறது. டீயில் சர்க்கரை குறைத்தால் முட்ட வருகிறது.

மாமா கேட்கச் சொன்னார். அடம்பு இலையை அம்மியில் அரைத்தால் உள்ளே இருக்கும் குடித்தனக்காரர்கள் செத்துப்போவார்களா? அரைத்துப் புண்ணில் கட்டினால் கேட்குமா? ஆட்டுக்குத்தான். சீக்கிரம் எழுது. ஆட்டுக்காக.

அச்சு

•

கோயம்புத்தூர்
12 செப்டம்பர் 2024

அன்பு அச்சு,

எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. அவசரமாக எழுதுகிறேன். எங்கள் வளையத்தைப் பற்றி ஐதராபாத் கருத்தரங்கில் பேச எனக்கு வாய்ப்பு வந்திருக்கிறது. அப்படியே அங்கே ஒரு சோதனைக்கூடத்தில் சில வாரம் பயிற்சி. இரவு பகல் தெரியவில்லை.

டீ குடிக்கும் ஆடா? உன் ஆட்டை நான் நம்பிவிட்டேன், போ! அரைத்தால் உள்ளே இருப்பவர்கள் பிழைப்பார்களா, பிழைத்தாலும் புண்ணில் வேலை செய்வார்களா, எனக்கே தெரியாது. ஆட்டுக்குத்தானே, கட்டிப் பார்க்கச் சொல். இலையை அது தின்றுவிடாமல் இருந்தால் சரி. கோபால் மாமாவிடம், கலை இனி ஆட்டு டாக்டர் என்று சொல்.

நான் இல்லாதபோது பெட்டியை என் கூடப் படிக்கும் ஜெபசெல்வி வாங்கிக் குளிர் அறையில் வைப்பாள்.

கலை

•

வடக்குக் குப்பம்
22 செப்டம்பர் 2024

ஆட்டு டாக்டர் அவர்களுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். ஐதராபாத்தில் உனக்குக் கைதட்டல் கிடைத்ததா? உடம்பு நன்றாக இருக்கிறதா?

நீ சொன்னதைச் சொன்னேன். அன்றே இலையை அரைத்துத் தொரைக்குக் கட்டினார்கள். முதலில் வீக்கம் கொஞ்சம் வாடியது. வீடே கொண்டாட்டம். 'ஆராய்ச்சி'யைக் கொஞ்சம் வளைத்தால் 'ஆறியாச்சு' வருகிறது பார் என்று நான் வேறு சொன்னேன். பொன்னேரி மாத்திரையை ஆடு நிறுத்திவிட்டது. "நம்ம புள்ள கண்டுபுடிச்சத வுட்டுட்டு ஊரான் மருந்து எதுக்கு?" என்று ஆட்டுக்காரர் கேட்கிறார்.

இப்போது கட்டைப் பிரித்தால் ஒரு வாடை வருகிறது, அக்கா. மீன் வாடையில் பிறந்த எனக்கே மூக்கு சுருங்குகிறது. விரல் ஒன்று கறுத்திருக்கிறது. ஆட்டுக்கு வலியே இல்லையாம். வலி இல்லாதது நல்லதா? ஆட்டு விஷயத்தில் மட்டும் சொல்.

அம்மா இரண்டு நாளாக அடுப்படியில் தனியாகப் பேசிக்கொள்கிறாள். இதை ஏன் எழுதினேன் தெரியவில்லை.

அச்சு

•

வடக்குக் குப்பம்
4 அக்டோபர் 2024

அக்காவுக்கு,

உன் பதில் வரவில்லை. பெட்டி வந்து சேர்ந்ததா? வேலு அண்ணனைக் கேட்டால், "ஒரு பொண்ணாண்ட குட்தேன், சிரிச்சுது"ங்கிறார். இங்கு எல்லோரும் சுகம்.

நேற்று நம் பாட்டு முறை. தொரை காலில் அடம்பை அரைத்துக் கட்டி, மேலே பாலித்தீன் பையைச் சுற்றி ரப்பர் போட்டுக்கொண்டு விடியும் முன்பே ஏரியில் இறங்கிவிட்டது. இடுப்புத் தண்ணீரில், சேற்றில், மதியம் வரை நின்றது. வலை நிறைய இறால். கரைக்கு வந்தபோது பைக்குள் தண்ணீர் நிறைந்திருந்தது. ராத்திரியெல்லாம் உடம்பு கொதித்தது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் தலையில் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறது.

நான் சத்தியத்தை மீறவில்லை. ஆட்டைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். நன்றாகப் படி அக்கா.

அச்சு

•

கோயம்புத்தூர்
15 அக்டோபர் 2024

அச்சு,

இன்று காலைதான் ஐதராபாத்திலிருந்து வந்தேன். இரண்டு கடிதமும் குளிர் அறையில், பிரிக்காத பெட்டிகளுக்குள் இருந்தன.

ஆடு ஏரியில் இறங்காது.

அம்மா போன் அணைந்திருக்கிறது. தலைவர் எண்ணுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. வேலு அண்ணன் இப்போது கிளம்புகிறார், அவர் கையில் இதைக் கொடுக்கிறேன். ராத்திரி ரயிலில் நானும் வருகிறேன். அதற்கு முன் இது உன் கையில் கிடைத்தால் ஒரு நிமிஷம் நிற்காதே. இலையைப் பிரித்து எறி. ஆட்டோ பிடி. நைனாவைத் தூக்கு. அடம் பிடித்தால் ஊரைக் கூப்பிடு. சத்தியத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கலை

•

வடக்குக் குப்பம்
10 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கோயம்புத்தூர் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? அன்று ரயிலேறும்போது உன் முகம் பார்க்க முடியாமல் இருந்தது.

நைனா வீட்டுக்கு வந்துவிட்டார். வலது பாதத்தின் முன்பாதி இல்லாமல் கால் சின்னதாகத் தெரிகிறது, யாரோ அளவு தெரியாமல் தைத்ததுபோல. சென்னை டாக்டர், "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா முழங்காலுக்கு மேல போயிருக்கும்" என்று உன்னிடம் சொன்னதை அம்மா இப்போது எல்லோரிடமும் சொல்கிறாள், பெருமைபோல. அது பெருமையா அக்கா?

தலைவர் வந்திருந்தார். நைனா இனிமேல் சேற்றில் நிற்க முடியாது. ஆள் இறங்காத வீட்டுக்கு முறை கிடையாது. பஞ்சாயத்தில் இழுபறி. கடைசியில் சித்தப்பா மகன் தினகரன் தண்ணீரில் நிற்கட்டும், நைனா படகில் உட்கார்ந்து கயிறு பிடிக்கட்டும், ஆனால் முறை அன்று நைனா படகில் இருந்தே ஆக வேண்டும் என்று முடிவு. நைனா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒன்று கேட்கிறேன். ஆஸ்பத்திரியில் நைனா புண்ணில் இருந்த கிருமிக்குப் பெயர் எழுதிக் கொடுத்தார்களே. பாதி மருந்துக்கு அசையாது என்றார்களே. நம் அடம்புக்காரர் அதைக் கொல்வாரா? பார்த்துச் சொல். நல்லதாக இல்லாவிட்டாலும் சொல்.

அச்சு

•

கோயம்புத்தூர்
24 நவம்பர் 2024

அன்பு அச்சு,

சாப்பிடுகிறேன். நைனா கால் கட்டை தினமும் மாற்றுகிறீர்களா?

அந்த இனத்துக் கிருமி எங்கள் சேகரிப்பில் இருந்தது. தட்டில் வளர்த்து, நடுவில் பொட்டு வைத்தேன். வளையம் வரவில்லை. மறுபடி செய்தேன். வரவில்லை. பேராசிரியரும் செய்து பார்த்தார். நான் கேசரி சாப்பிட்ட அன்று நாங்கள் கொன்றது எளிதில் சாகிற கிருமியை. ஏரித் தண்ணீரில் நைனா காலில் ஏறியது அது இல்லை.

இன்னொன்று. இலையின் வெளிப்பக்கத்தைக் கொன்ற பிறகுதான் நாங்கள் உள்ளே பார்க்கிறோம் என்று உனக்கு எழுதியிருந்தேன். நீங்கள் அம்மியில் அரைத்தபோது மணல், சாணம், அம்மியில் இருந்தது எல்லாம் சேர்ந்து புண்ணுக்குள் போயிருக்கிறது. ஆட்டுக்குத்தானே என்று எழுதிய கை என்னுடையது. டீ குடிக்கும் ஆடு என்று படித்துவிட்டுச் சிரித்தேன், அச்சு.

வளையம் உண்மை. அது மருந்தாகும் முன் அந்தப் பொருளைப் பிரிக்க வேண்டும், விஷமா என்று பார்க்க வேண்டும், எலி, பிறகு மனிதர். பல வருஷம். ஆகாமலும் போகலாம். இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

பெட்டி அனுப்ப உனக்கு மனம் வருமா தெரியவில்லை. வந்தால் தெற்கு மணல்மேட்டுக் கொடியையும் அனுப்பு. அங்கே வேறு குடித்தனக்காரர்கள் இருக்கலாம்.

கலை

•

பொன்னேரி ஆஸ்பத்திரி பெஞ்சு
15 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம் என்று இந்தத் தடவை எழுதவில்லை. நீ சுகமாக இரு.

அம்மா போனில் காலையிலேயே உன்னிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். ஆனாலும் எழுதுகிறேன். ஆட்டைக் கடிதத்தில்தானே அவிழ்த்துவிட்டேன், கடிதத்திலேயே கட்டிப் போடுகிறேன்.

உன் கடிதத்தை நைனாவுக்குப் படித்துக் காட்டினேன், ஒரு வரி விடாமல். மறுநாள் டீக்கடையில் யாரோ, "இன்னா தேசப்பா, உம் பொண்ணு மருந்து கால வாங்கிடிச்சாமே?" என்று கேட்டானாம். நைனா சொன்னாராம்: "அந்த மருந்து இன்னும் படிச்சினு கீதுபா. நான்தான் பள்ளிக்கூடத்துலேந்து பாதியில இஸ்தாந்து வேலைக்கு வுட்டேன்." தெற்கு மணல்மேட்டுக்குத் தினகரன் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்து, எந்தக் கொடி என்று கம்பால் காட்டியதும் அவர்தான். கத்தரியை என்னிடம் வாங்கி அவரே ஸ்பிரிட்டில் துடைத்தார்.

இன்று நம் பாட்டு முறை. கால் போன பிறகு முதல் முறை. இறால் நன்றாக ஓடுகிறது என்று ஊரே சொல்கிறது. காலையில் நைனா படகுக்குக் கிளம்பி நின்றார். கட்டு மாற்றினேன். தையல் ஓரத்தில் லேசாக ஈரம். லேசாக அந்த வாடை.

"ஒன்னியும் இல்லடி, வேர்வை. முறைய முடிச்சினு போலாம்."

"இப்பவே போலாம் நைனா."

"படகுல நான் இல்லாங்காட்டி முறை பூடும்டி!"

"போவட்டும்."

கையை ஓங்கினார். அடிக்கவில்லை. அம்மா போனை எடுத்துத் தலைவருக்கு அடித்தேன், என் சொந்தக் குரலில்: "தேசப்பன் வீட்டு முறைய இன்னிக்கு அடுத்த வீட்டுக்குக் குடுத்துடுங்க." அவர், "யார் கொரல்ல பேசினாலும் நம்ப மாட்டேன் போடி" என்று வைத்துவிட்டார். வாசலில் நின்று கத்தினேன். யாரும் வரவில்லை, பிரியாணிக் கதை என்று நினைத்திருப்பார்கள். கழற்றிய கட்டுத் துணியை எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்கு ஓடி அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். அவர் செருப்பு மாட்டிக்கொண்டு வந்து, நைனாவை ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

ஏரிக்கரையைத் தாண்டும்போது அடுத்த வீட்டுப் படகு நம் இடத்துக்குப் போவதை நைனா பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் என்னோடு இன்னும் பேசவில்லை.

இப்போது உள்ளே கட்டைப் பிரிக்கிறார்கள். கதவு சாத்தியிருக்கிறது. பெட்டி என் மடியில் இருக்கிறது, வேலு அண்ணன் வண்டி இந்த வழியாகத்தான் வரும். உள்ளே நண்டு இல்லை. தெற்கு மணல்மேட்டுக் கொடி மட்டும். தைரியமாகக் கை விடு.

புண் வந்திருப்பது நைனாவுக்கு. வாடை வந்தது நைனா காலில். எழுதுவது அர்ச்சனா.